பச்சை நிற வாந்தியா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

பிள்ளை பிறந்து ஏழாம் நாள். அகீகாவுக்கான ஆயத்தங்களால் வீடு அமளிப்படுகின்றது. முற்றத்தில் சமையல். முன் வாசலில் உறவினர்கள். அறைக்குள்ளே பிள்ளையைப் பார்க்க வந்த பெண்களின் கூட்டம். அந்த இரைச்சலுக்கு நடுவே மடியிலிருந்த பிள்ளை திடீரென வாந்தியெடுக்கின்றது. தாய் துணியால் வாயைத் துடைத்துவிட்டு அந்தத் துணியையே பார்த்துக் கொண்டிருக்கின்றாள்.

"மாமி, இங்க பாருங்களேன். பால் மாதிரி இல்ல. பச்சையா இருக்கு."

"ஒண்டுமில்ல மகள். பித்தம்தான். கொஞ்சம் ஓமத் தண்ணி குடுத்தாச் சரியாகிடும். ஆக்கள் போகட்டும், காலைல பார்ப்பம்."

இந்த உரையாடல் நடக்காத ஊர் எது? மாமி பொல்லாதவரல்ல. நான்கைந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பேரப்பிள்ளை மீது உயிரையே வைத்திருப்பவர். ஆயினும் "காலையில் பார்ப்போம்" என்ற அந்த ஒரு வார்த்தை ஆபத்தானது. சில குடல் நோய்களில் அந்தியிலிருந்து விடியும்வரையுள்ள நேரம்தான் பிள்ளையின் உயிரைத் தீர்மானிக்கும் நேரமாகும்.

புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குத் தன் நோவைச் சொல்லத் தெரியாது. ஆனால் அதன் வயிறு மூன்று வழிகளில் செய்தி சொல்கின்றது. மலம், வாந்தி, வயிற்றின் தோற்றம் என்பனவே அவை. இம்மூன்றையும் முதலில் காண்பவர் டொக்டரல்லர். பால் கொடுக்கும் தாயும், துணி மாற்றும் உம்மும்மாவும், குளிப்பாட்டும் மாமியும்தான். எனவே இந்தக் கட்டுரை தாய்க்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் உரியது.

முதல் செய்தி: கறுப்பு மலம்

பிள்ளை பிறந்தவுடன் எடை எவ்வளவு, யாருடைய சாயல் என்றெல்லாம் கேட்கின்றோம். "பிள்ளை மலம் கழித்ததா?" என்று கேட்பவர் குறைவு. உண்மையில் கேட்க வேண்டிய முதற் கேள்விகளில் அதுவும் ஒன்று.

கருவிலிருக்கும்போதே குடலில் சேர்ந்திருக்கும் கரும்பச்சை நிறமான, தார் போன்று ஒட்டும் மலமே பிள்ளையின் முதல் மலமாகும். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை முதல் 24 மணித்தியாலங்களுக்குள் இதைக் கழித்து விடுகின்றன. 48 மணித்தியாலங்களுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் கழித்து விடுகின்றன. அந்த நேரம் கடந்தும் மலம் வரவில்லையென்றால் அதற்கொரு காரணம் இருக்கலாம். அது என்னவென்று டொக்டர் தேடிப் பார்க்க வேண்டும்.

சில குழந்தைகளுக்கு மலவாசல் திறவாமலே இருக்கும். பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலருக்குக் குடலின் ஏதோவோர் இடம் பிறவியிலேயே அடைபட்டிருக்கும். இன்னும் சிலருக்கு வெளித்தோற்றத்தில் எக்குறையும் இல்லாதிருக்க, குடலின் நரம்பில் குறை இருக்கும்.

சுகப் பிரசவமென்றால் இப்போது மறுநாளே வீட்டுக்கு அனுப்பி விடுகின்றார்கள். ஆகவே வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன், பிள்ளை மலம் கழித்ததா, எப்போது கழித்தது என்பதைத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் கழிக்கவில்லையென்றால் அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

நரம்பில்லாத குடல்

டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் என்றொரு குழந்தை வைத்தியர் இருந்தார். கடுமையான மலச்சிக்கலால் வயிறு ஊதி இறந்துபோன இரு குழந்தைகளைப் பற்றி 1886ஆம் ஆண்டு பேர்லின் நகரில் கூடிய வைத்தியர்களிடம் அவர் எடுத்துரைத்தார். அந்நோய் இன்றும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகின்றது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிலேயே அதிகம்.

நாம் உண்ணும் உணவைக் குடல் தானாகவே சுருங்கி விரிந்து கீழ்நோக்கித் தள்ளுகின்றது. அதற்குக் கட்டளையிடுபவை குடற் சுவரிலுள்ள நரம்புக் கலங்கள். கரு வளரும் முதல் மூன்று மாதங்களில் இக்கலங்கள் மேலிருந்து கீழாகப் பயணம் செய்து குடல் முழுவதும் பரவுகின்றன. அந்தப் பயணம் பாதி வழியில் நின்றுவிட்டால் குடலின் கடைசிப் பகுதிக்கு நரம்புக் கலங்கள் போய்ச் சேர்வதில்லை. அப்பகுதி இறுகியபடியே இருக்கும். மலமும் வாயுவும் அதற்கு மேலே தேங்கிப் போகும்.

இக்குழந்தைகள் முதல் மலத்தைத் தாமதமாகக் கழிப்பார்கள். வயிறு ஊதியிருக்கும். பால் குடிக்க மறுப்பார்கள். சிலர் பச்சையாக வாந்தியெடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நமது வீட்டு வைத்தியம் ஒன்று குறுக்கே வருகின்றது. பிள்ளைக்கு மலம் வரவில்லையென்றால் வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவியோ, சவர்க்காரத் துண்டைச் சீவியோ மலவாசலில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்போது மலமும் வாயுவும் பீறிட்டு வெளிவரலாம். வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் நோய் அப்படியே இருக்கின்றது. அடையாளம் மட்டும் மறைந்துபோகின்றது. மென்மையான குடலில் காயம் ஏற்படவும் இடமுண்டு. வாய்வழியாக ஆமணக்கெண்ணெய் கொடுப்பது அதைவிடவும் தவறு.

தேங்கிய குடலில் கிருமிகள் பெருகினால் கடுமையான குடல் அழற்சி ஏற்படலாம். நாற்றமெடுக்கும் வயிற்றோட்டம், காய்ச்சல், ஊதிய வயிறு, சோர்வு என்று தொடங்கிச் சில மணித்தியாலங்களில் உயிராபத்தாக மாறக்கூடியது இது. "மலச்சிக்கல் போய் வயிற்றோட்டம் வந்துவிட்டது, நல்லதுதானே" என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

குடலின் உட்புறத்திலிருந்து மிகச் சிறிய துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதன் மூலம் நோயை உறுதி செய்கின்றார்கள். நரம்பில்லாத பகுதியை அகற்றி, நல்ல பகுதியைக் கீழே கொண்டுவந்து இணைப்பதே சிகிச்சை. நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகள் வளர்ந்து மற்றப் பிள்ளைகளைப் போன்று பாடசாலை செல்கின்றார்கள். சிலருக்குப் பல வருடங்கள் மலச்சிக்கலோ மலக் கசிவோ தொடரலாம். ஆகவே கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. குடும்பத்தில் வேறொரு பிள்ளைக்கு இந்நோய் இருந்திருந்தால் அதைக் கூச்சப்படாமல் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பச்சை ஏன் ஆபத்து?

குழந்தைகள் பால் கக்குவது சாதாரணம். குடித்த பால் வெள்ளையாகவோ தயிர் போன்று திரிந்தோ வாய் ஓரத்தில் வழியும். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், மறுபடியும் பால் தேடும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பச்சை நிறம் வேறு விடயம். ஈரலில் உண்டாகும் பித்தநீர் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் பாலுடன் கலக்கின்றது. சாதாரணமாக அது கீழ்நோக்கிப் போக வேண்டும். அது மேலே ஏறி வாய்வழியாக வருகின்றதென்றால், கீழே பாதை அடைபட்டிருக்கலாம் என்பது பொருள். பச்சை என்றால் எப்படிப்பட்ட பச்சை? இலைக்கஞ்சியை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த நிறம்தான்.

இந்த நிற விடயத்தில் படித்தவர்களுக்கும் தடுமாற்றம் உண்டு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், பெற்றோருக்கும் வைத்தியத் துறையினருக்கும் பல நிறங்களைக் காட்டி, பித்தம் கலந்த வாந்தியின் நிறம் எது என்று கேட்டார்கள். பலர் மஞ்சளையே காட்டினார்கள். எனவே டொக்டரிடம் பேசும்போது "பித்த வாந்தி" என்று சொல்லாதீர்கள். "பச்சையாக வாந்தியெடுத்தது" என்று நிறத்தையே சொல்லுங்கள். அந்தத் துணியைக் கழுவிவிடாமல் பையொன்றில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். ஒரு துணி நூறு வார்த்தைக்குச் சமம்.

பச்சை வாந்திக்குப் பின்னால் இருக்கக்கூடிய மிகப் பயங்கரமான காரணம் குடல் முறுக்கு. கருவில் குடல் வளரும்போது அது வயிற்றுக்குள் ஒரு குறிப்பிட்ட முறையில் சுழன்று, தனக்குரிய இடங்களில் பற்றிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளில் அந்தச் சுழற்சி முழுமையடைவதில்லை. சிறுகுடல் முழுவதும் ஒடுக்கமான ஒரு காம்பில் தொங்குவது போல இருந்துவிடும். என்றோ ஒரு நாள் அது முறுக்கிக் கொண்டால், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் குழாய் முறுகினாற்போலப் பாதை அடைபடும். அதோடு நிற்பதில்லை. அந்தக் காம்பினூடாகவே குடலுக்கு இரத்தம் போகின்றது. இரத்தம் தடைப்பட்டால் சில மணித்தியாலங்களில் குடல் அழுகத் தொடங்கும்.

இது பிறந்த முதல் மாதத்திலேயே அதிகமாக வெளிப்படுகின்றது. அதுவரை நன்றாகப் பால் குடித்து, நன்றாக மலம் கழித்த பிள்ளைக்கும் இது வரலாம். தொடக்கத்தில் வயிறு ஊதாமல் மென்மையாக இருக்கலாம். பிள்ளை ஆரோக்கியமாகத் தோன்றலாம். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்ற ஆறுதல் இங்கே செல்லாது. வயிறு ஊதி, மலத்தில் இரத்தம் வந்து, பிள்ளை வெளிறித் துவளும்போது நேரம் பெரிதும் கடந்திருக்கும்.

முறுக்கை அவிழ்க்கும் சத்திரசிகிச்சை முறையை அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த வில்லியம் லாட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1936ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அது செய்யப்படுகின்றது. வழி தெரியாததால் அல்ல, நேரம் போய்விடுவதால்தான் குடல்களை இழக்கின்றோம்.

பச்சை வாந்தியெடுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் குடல் முறுக்கியிருக்கும் என்பதில்லை. பல குழந்தைகள் பரிசோதனைக்குப் பின் சுகமாக வீடு திரும்புகின்றன. ஆனால் எந்தப் பிள்ளைக்கு முறுக்கு, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்பதை வீட்டிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

மாதம் நிறையாத பிள்ளைகள்

குறைமாதத்தில், குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வேறொரு குடல் நோய் வருவதுண்டு. டொக்டர்கள் அதை நெக்ரொடைசிங் என்டரோகொலைடிஸ் என்பார்கள். முதிராத குடலின் சுவர் அழற்சியடைந்து சிதைவதே இந்நோய். 1500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். பெரும்பாலும் பிறந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர், "இனிப் பயமில்லை" என்று எல்லோரும் மூச்சுவிடும் வேளையில் இது தலைகாட்டும்.

இத்தகைய பிள்ளைகள் அநேகமாக வைத்தியசாலையின் விசேட பராமரிப்புப் பிரிவிலேயே இருப்பார்கள். அங்கும் தாயின் கண் பெரும் துணை. பால் செரிக்காமல் தங்குதல், வயிறு ஊதி மினுமினுத்தல், மலத்தில் இரத்தம், பச்சை வாந்தி, இடையிடையே மூச்சு நின்று வருதல், வழமைக்கு மாறான சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். "நேற்று இருந்ததைப் போல் பிள்ளை இன்று இல்லை" என்று தாய்க்குத் தோன்றினாலே போதும். தாதியைக் கூப்பிட்டுச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பாலை நிறுத்தி, சேலைனும் மருந்தும் ஏற்றிக் குடலுக்கு ஓய்வு கொடுப்பது முதற் சிகிச்சை. குடல் துளைபட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படும். ஆனால் வருமுன் காக்கும் மருந்தொன்று தாயிடமே இருக்கின்றது. அதுதான் தாய்ப்பால். 926 குறைமாதக் குழந்தைகளை அவதானித்து 1990ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, தாய்ப்பால் மாத்திரம் பெற்ற குழந்தைகளைவிட மாப்பால் மாத்திரம் பெற்றவர்களுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக ஏற்பட்டிருந்தது. ஆகவே பிள்ளை வாயால் குடிக்க முடியாத நாட்களிலும் பாலைப் பிழிந்து கொடுங்கள். சில துளிகள்தானே என்று எண்ணாதீர்கள். அந்தத் துளிகள்தாம் கவசம்.

தாய்க்குப் பால் போதாதவிடத்து வேறொரு பெண்ணின் பாலைப் பற்றிய பேச்சு எழலாம். பால்குடி உறவு நமக்குச் சாதாரண விடயமல்ல. திருமண விலக்குவரை செல்லும் உறவு அது. 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, பலருடைய பாலைச் சேகரிக்கும் பால் வங்கிகளை முஸ்லிம் நாடுகளில் அமைக்கக் கூடாது எனத் தீர்மானித்தது. மருத்துவத் தேவையை முன்னிட்டு வேறு கருத்துக் கொண்ட அறிஞர்களும் உள்ளனர். ஆகவே குறைப்பிரசவம் நேரலாம் என்று தெரிந்தவுடனேயே டொக்டரிடமும் ஆலிம்களிடமும் கலந்து பேசிக்கொள்வது நல்லது. அவசர வேளையில் குழம்புவதை இது தவிர்க்கும்.

பயப்பட வேண்டாதவை

வீணாகப் பயப்படுவதும் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை ஒவ்வொரு முறை குடித்ததும் மலம் கழிக்கலாம். ஒரு மாதம் கடந்த பின்னர், பிள்ளை நன்றாகக் குடித்து எடை கூடி, வயிறும் மென்மையாக இருந்தால், சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் மலம் போவதும் உண்டு. மலம் மஞ்சளாகவோ, சில வேளை பச்சையாகவோ இருக்கலாம். பச்சை மலம் வேறு, பச்சை வாந்தி வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். ஆனால் மலம் சுண்ணாம்பு போன்று வெளிறியிருந்தால் அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதையும் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

உடனே செல்ல வேண்டிய அடையாளங்கள்

* வாந்தி பச்சை நிறமாக இருத்தல், ஒரே ஒரு தடவையாயினும்
* பிறந்து 24 மணித்தியாலங்களாகியும் மலம் கழிக்காதிருத்தல்
* வயிறு ஊதி, இறுகி, தோல் மினுமினுத்தல்
* மலத்தில் இரத்தம் காணப்படுதல்
* பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல்
* காய்ச்சல், அல்லது உடல் வழமைக்கு மாறாகக் குளிர்ந்திருத்தல்

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரம் பார்க்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால், தேவைப்படின் அங்கிருந்தே சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் குழந்தைகளுக்கென்றே உள்ளவை.

போகும் வழியில் ஓமத் தண்ணீரோ, கிரைப் வோட்டரோ, வேறெந்த மருந்தோ கொடுக்க வேண்டாம். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருங்கள். கடைசியாகப் பால் குடித்த நேரம், கடைசியாக மலமும் சிறுநீரும் போன நேரம், வாந்தியின் நிறம் ஆகியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் மறக்காமல் எடுங்கள். பால் கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னால் மனமுடையாதீர்கள். அது குடலைக் காப்பதற்காகத்தான். அந்த நாட்களில் பாலைப் பிழிந்து வந்தால் பால் வற்றாது.

நாற்பது நாளும் ஊர் வழக்கமும்

நாற்பது நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டக் கூடாது என்பது பல குடும்பங்களின் கட்டுப்பாடு. பிரசவித்தவளுக்கு ஓய்வு வேண்டும், பிள்ளைக்குக் காற்றும் கிருமியும் படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த வழக்கம் அது. ஆனால் இங்கே சொல்லப்பட்ட நோய்களில் பல அந்த நாற்பது நாட்களுக்குள்தான் வருகின்றன. நிபாஸுடைய காலத்தில் சிகிச்சைக்காக வெளியே செல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. "நாற்பது முடியட்டும்" என்ற வார்த்தையால் ஒரு பிள்ளையின் சிகிச்சை பிந்துமானால் அந்தப் பாரத்தை யார் சுமப்பது?

தஹ்னீக் செய்யும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குறைமாதக் குழந்தைக்கும், வாந்தியெடுக்கும் குழந்தைக்கும் டொக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஒரு வயது நிறையும்வரை எந்தப் பிள்ளைக்கும் தேன் கொடுப்பது நல்லதல்ல. தேனிலிருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து கடும் நோயை உண்டாக்கலாம்.

இனி, அகீகா வீட்டுக்கே திரும்புவோம். மருமகள் துணியை நீட்டுகின்றாள். மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கின்றார். இலைக்கஞ்சியின் நிறம். அவர் ஓமத்தைத் தேடவில்லை. ஆட்கள் போகட்டும் என்று சொல்லவுமில்லை. தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மகனக் கூப்பிடு. சாப்பாட்ட மத்தவங்க பார்த்துக்கொள்ளுவாங்க. இப்பவே போவம்" என்கின்றார்.

அனுபவமுள்ள ஒரு மாமி சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான். பரிசோதித்த பின் ஒன்றுமில்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் திரும்பி வரலாம். ஆறிப்போன சாப்பாட்டைச் சூடாக்கிக் கொள்ளலாம். கடந்துபோன நேரத்தைத்தான் மீட்க முடியாது.